ஐந்தாவது கம்பம்

ஆனைக்கம்பையில் அந்தச் சத்தம் முதல்முதலாகக் கேட்டது ஓர் ஆடி மாதத்து இருட்டில், மழை விட்டது மாதிரியும் விடாதது மாதிரியும் நசநசத்துக்கொண்டிருக்க, கரண்ட் போய், ஊரே மெழுகுவத்தி வைத்துச் சோறு தின்றுகொண்டிருந்த வேளையில். டிக் டிக், டிக் டிக் என்று, பல்லி சொல்கிற மாதிரி, ஆனால் எந்தப் பல்லிக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. குளிரில் பல் கிட்டிப்போனவன் தாடையில் வருகிற மாதிரி, ஆனால் எந்தத் தாடையும் அப்படித் தாளம் தப்பாமல் ஆடாது. டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கப்போகிறது என்றார் டீக்கடை பீட்டர். உத்தரத்தில் கரையான் என்றாள் மளிகைக்கடைக்காரர் மனைவி. ஊருக்குக் கீழே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற சரிவில், இருளர் காலனியின் கடைசி வீட்டில் மகள் சிட்டுவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மருதிக்கு மட்டும் அது என்னவென்று முதல் டிக்கிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு இரும்பு ஊசிகள். கான்வென்ட் ஹாஸ்டலில் சாயங்கால ஜெபம் முடிந்ததும் காட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும்போது அந்த ஹால் நிறைகிற சத்தம். தெரிந்தும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

விடிந்தபோது பஸ் ஸ்டாப் கம்பம் கம்பளி போட்டிருந்தது.

அடியிலிருந்து கழுத்து வரைக்கும், ஊர்ப்பெயர்ப் பலகையை மட்டும் முகம் மாதிரி வெளியே விட்டுவிட்டு, சிவப்பும் அரக்கும் பள்ளிக்கூட நீலமும் காப்பிக்கொட்டை நிறமும் கலந்து, இரண்டு பக்கமும் உள்ளே கை இல்லாத இரண்டு கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அது நின்றது. தொட்டுப் பார்த்தவர்கள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அது சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை, தூங்கி எழுந்த ஆளின் முதுகுச் சூடு. உல்லன் எங்கிருந்து வந்தது என்பது அவரவர் வீட்டுக்குப் போனபிறகு தெரிந்தது. பேங்க் மேனேஜர் ஸ்வெட்டரில் இடது கை இல்லை. பீட்டரின் மங்கி கேப், உச்சந்தலையை மட்டும் மூடுகிற சின்னக் கிண்ணமாகிவிட்டிருந்தது. பாதிரியார் மஃப்ளரைத் தேடி, குட்டி நாய்க்குக் கட்டுகிற அளவுக்கு ஒரு துண்டைக் கண்டெடுத்தார். எதிலும் கத்தரி பட்ட தடம் இல்லை. வரிவரியாக, பொறுமையாக, யாரோ பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மருதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து கம்பத்தை ஒருதரம் சுற்றி வந்தாள். பின்னல் மேலே போகப் போக இடது ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தது. பின்னிய கை, ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும் கடைசிக் கண்ணியை எடுக்க மறந்திருந்தது. ஊசியில் மாட்டி இழுக்கிற ஒவ்வொரு வளையத்துக்கும் ஹாஸ்டலில் கண்ணி என்றுதான் பெயர். பிள்ளைகள் விடுகிற தப்பையெல்லாம் சிஸ்டர் பெனடிக்டா திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில் சிரிப்பார்: "தப்பில்லாத கை இங்க யாருக்கும் இல்ல. மோட்சத்துல உங்களையெல்லாம் முகத்த வச்சுக் கண்டுபிடிக்க முடியாதுடி, எல்லாம் ஒரே அழுக்கு முகம். ஸ்வெட்டர்ல விட்ட தப்ப வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்." கடைசிக் கண்ணியை மறக்கிற கை ஹாஸ்டலிலேயே ஒன்றுதான் இருந்தது. அது மருதியின் அக்கா கை. அக்காவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, சிஸ்டர் பார்ப்பதற்கு முன்னால், அவள் விட்ட கண்ணியை விரலால் எடுத்து மாட்டிக் கொடுப்பது மருதியின் வேலையாக இருந்தது.

அக்காவின் பெயர் கன்னி. மூன்று மழைக்கு முன்னால், கீழே ஒரு மில்லில் வேலை இருக்கிறது, தங்க இடம், மூன்று வேளைச் சோறு, ஞாயிற்றுக்கிழமை டிவி என்று சொல்லி, மேல்தெரு புஷ்பாக்கா அவளை வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் போன் வந்தது. அப்புறம் போனும் இல்லை, ஆளும் இல்லை. போய்க் கேட்டால், "எவனோடயோ ஓடிட்டாளாம் கண்ணு, மில்லுல சொல்றாங்க, எனக்கே பெத்த வயிறா எரியுது" என்று புஷ்பாக்காவே உட்கார்ந்து அழுதாள். அம்மா மாசி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், கன்னியைக் காணோம் என்று சொன்னாள். ஸ்டேஷன் ரைட்டர் தன் காதில் விழுந்ததை எழுதினார்: கண்ணியைக் காணவில்லை. இருளச்சி, காடு, கண்ணி. அதில் அவருக்குச் சந்தேகப்பட ஒன்றுமில்லை, மானுக்கும் முயலுக்கும் வைக்கிற சுருக்குக் கண்ணியைத் தொலைத்துவிட்டு ஒருத்தி தைரியமாக வந்து கேட்கிறாளே என்றுதான் ஆச்சரியம். அந்தக் காகிதம் வனத்துறைக்குப் போனது. ஜீப்பில் நாலு பேர் வந்து இறங்கி, "காணாமப் போன கண்ணி உன்னுதுதானா?" என்று கேட்டார்கள். இத்தனை பெரிய ஆட்கள் தன் மகளைத் தேடிக் குடிசை வாசல் வரைக்கும் வந்துவிட்டார்களே என்று மாசி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆமாஞ் சாமி, என் கன்னிதான். வேற யாருதும் இல்ல, சத்தியமா என்னுதுதான்." எங்கே வைத்திருந்தாய், எதற்கு வைத்திருந்தாய், மானுக்கா, பன்றிக்கா என்று அடுத்த கேள்வி வந்தபோது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவள் விழித்த விழியையும் ஒப்புதலாகவே எழுதிக்கொண்டு, மருதியின் அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். போனவர் இருமலோடு திரும்பி வந்து, அந்த இருமலோடேயே போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு காலனியில் எந்தப் பெண் காணாமல் போனாலும் யாரும் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். நடுராத்திரியில் வந்தாலும், நடக்க முடியாமல் தவழ்ந்து வந்தாலும், தட்டிக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது, தள்ளினால் திறக்க வேண்டும். மாசி சாகிறபோதும் அதைத்தான் சொன்னாள். "கதவச் சாத்திக்கோ. தாப்பா மட்டும் போட்டுறாத." புருஷன் மசணன் போர்வெல் வண்டியோடு எந்த ஊரிலோ இருக்க, ஒன்றரை வயதுப் பெண்பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காற்று தள்ளினாலும் திறக்கிற கதவைப் பார்த்தபடியே மருதி தூங்கினாள், அதாவது தூங்கவில்லை.

கம்பத்து விஷயத்தை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் பஞ்சாயத்தில் ஆள் வைத்து அறுத்துப் பார்த்தார்கள். அறுத்தது அறுந்தது, விடிந்தால் கூடியிருந்தது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், மாரியம்மன் கோயில் பூசாரி வேப்பிலை கட்டினார், இரண்டையும் கம்பளி மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஐப்பசிக்குள் இன்னும் மூன்று கம்பங்கள் உடுத்திக்கொண்டன: ரேஷன் கடைக் கம்பம், ஃபாக்டரி வாசல் விளக்குக் கம்பம், தபால்பெட்டி தொங்குகிற கம்பம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தப்பு. காலனியில் காணாமல் போனவர்களின் கை ஒவ்வொன்றையும் மருதி பார்த்துச் சொன்னாள், இது சிவாள், இது பெள்ளி, இது துளசி. காலனிக்காரர்கள் கேட்டுக்கொண்டு, அந்தந்த வீட்டு ஆட்கள் அந்தந்தக் கம்பத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். துளசியின் அம்மா காளியக்கா தபால்பெட்டிக் கம்பத்துக்குத் தினமும் ஒரு தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய் வைத்தாள்.

மழை போய்ப் பனி தொடங்கியதும், ஆனைக்கம்பைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, குளிர்கிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறபோது கம்பத்தில் சாய்ந்துகொண்டால் முதுகுக்கு இதமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வாத நோய்க்காரர்கள் முறை போட்டுக்கொண்டு சாய்ந்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் தன் குழந்தையின் பால்புட்டியைக் கம்பளியின் கைக்குள் செருகிவைத்துச் சூடு பண்ணினார். பேங்க் மேனேஜரும் மற்றவர்களும் ரெக்சின் ஜாக்கெட்டுக்கு மாறிக்கொண்டு, பழைய ஸ்வெட்டர்களை வேலியில் தொங்கவிட்டார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும், நல்லதைத் தொடாமல் இருக்கட்டும் என்று. டூரிஸ்ட்டுகள் வந்து அந்த வெறுங்கையைத் தங்கள் தோளில் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். பீட்டர் கடைப்பெயரைக் கம்பளி டீ ஸ்டால் என்று மாற்றி எழுதினார்.

ஒருநாள் மருதி அங்கே நின்று சொல்லியும் பார்த்தாள். "அண்ணா, இது எங்க அக்கா."

"அக்காவா?" என்றார் பீட்டர், டீ ஆற்றுவதை நிறுத்தாமல். "நல்ல அக்கா. என் பொண்டாட்டிய விடச் சூடு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பீட்டரே அப்புறம் சங்கடப்பட்டு, பிள்ளைக்கு ஒரு பன் கொடுத்து அனுப்பினார்.

மார்கழியில், புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், ஐந்தாவது கம்பத்தில் பின்னல் ஏறத் தொடங்கியது. அது காலனிக்கு இறங்குகிற பாதையின் முனையில், மருதியின் வீட்டுக்கு நேர் எதிரே, பல்பு இல்லாமல் நிற்கிற பழைய மின்கம்பம். மற்றவை ஒரே ராத்திரியில் உடுத்திக்கொண்டன. இது தினம் ஒரு சாணாக, அடியிலிருந்து மெதுவாக ஏறியது. நிறம் ஒன்றே ஒன்று, மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்த மருதி ஓடிப்போய்த் தூங்குகிற சிட்டுவைத் தூக்கினாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவள் தன் கையால் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டரின் கீழ்விளிம்பு, சில வரி குறைந்து, தொப்புள் தெரிய மேலேறியிருந்தது.

அவள் திரும்பிவந்து கம்பத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பின்னலைப் பார்த்தாள். ஒவ்வொரு கண்ணியும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு, காலை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பெண் மாதிரி இருந்தது. நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றி இழுக்கிற கை. எத்தனை அடி வாங்கியும் திருந்தாத கை. அது அவள் கை.

பகலில் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். பிரித்த நூலை உருண்டையாகச் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டு மூடி, மேலே கல்லை வைத்தாள். விடிந்தால் பானையில் அரிசி மட்டும் இருந்தது, கம்பத்தில் இரண்டு சாண் ஏறியிருந்தது, பிள்ளை வயிறு ஜில்லிட்டுக் கிடந்தது. ஊர் மேலிருந்து இறங்கிவந்து பார்த்தது. யாருக்கு இது, யாருக்கு இது என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். பொங்கலுக்குள் கழுத்தைத் தொட்டுவிடும் என்று ஒருவர், தொடாது என்று ஒருவர். "அது நான்தான்" என்று மருதி சொன்னபோது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. "நீதான் இங்க இருக்கியே அம்மணி" என்றார்கள்.

ஸ்டேஷனுக்கும் போனாள். அதே ரைட்டர், இப்போது ரெக்சின் ஜாக்கெட்டில்.

"யாரக் காணோம்?"

"என்னைத்தாங்க சார். இன்னும் இல்ல. காணாமப் போகப்போறேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை, படித்த பெண் இப்படிப் பேசுகிறாளே என்று வருத்தப்பட்டார். "இத பாரும்மா, ஆளு எதுக்க நிக்கிறப்ப காணோம்னு நான் எப்பிடி எழுத? போனப்புறம் வா, முதல் ஆளா எழுதித் தரேன்."

"போனப்புறம் நான் எப்பிடிங்க வர்றது?"

"அதுக்கு வேற யாராச்சும் வருவாங்க" என்றார் அவர், கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

புஷ்பாக்கா வந்தது அதற்கு அடுத்த நாள். எப்போதும் போலப் பிள்ளைக்கு ரொட்டிப் பாக்கெட், எப்போதும் போலத் தலை நிறையக் கனகாம்பரம். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, சிட்டுவை மடியில் போட்டுக்கொண்டு, தெரிகிற தொப்புளில் விரலால் கிச்சுகிச்சு மூட்டினாள்.

"பனி இப்பிடிக் கொட்டுது, தேயிலை கருகிப்போச்சு, உனக்கு வேல ஏது? மசணன் போன் பண்ணி எத்தன நாளாச்சு? மில்லு கில்லெல்லாம் இல்ல கண்ணு, ஒரு வீடு. கௌரவமான வீடு. கான்வென்ட்ல படிச்ச புள்ள வேணும்னு கேட்டாங்க, எனக்கு உன் நெனப்புத்தான் வந்துச்சு. புள்ளையையும் கூட்டிட்டு வரலாம்."

"நான் வரலக்கா."

"வரலைன்னா விடு, கையப் புடிச்சா இழுக்கப்போறேன்?" என்று சிரித்தாள் புஷ்பாக்கா. பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். "வெள்ளிக்கிழம வேன் வருது. இருட்டுனாப்புல இந்தப் பக்கமா வருவோம். தூங்கியிருந்தாக்கூட எழுப்பி ஒரு வார்த்த கேட்டுக்கறேன். உங்க வீட்டுக் கதவு தொறந்துதான கெடக்கும்."

மருதி காளியக்காவிடம் போனாள். காளியக்கா துளசிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழம ஒரு ராத்திரிக்கு மட்டும் நான் தாப்பா போட்டுக்கட்டுமா?"

காளியக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் மருதி ஓர் அடி பின்னால் வைத்தாள். "அன்னிக்குன்னு கன்னி வந்து நின்னா?"

"என் புள்ளைக்குப் பயமா இருக்குக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"தாப்பாளப் போட்டீன்னா அவ வரமாட்டான்னு நீ ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம்டி. செத்தவளுக்குத்தான் வீட்டப் பூட்டுவாங்க. கூடப் பொறந்தவ நீயே செய்வியா அத?" சொல்லிவிட்டு, தூக்குப்போசியை மூடி, அதன் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டாள் காளியக்கா. "செய்வேன்னா செய். என்கிட்டக் கேக்காத."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் பின்னல் கம்பத்தின் தோளைத் தாண்டியிருந்தது. சிட்டுவின் ஸ்வெட்டரில் கழுத்துப் பட்டி மட்டும் மிச்சம், ஒரு மஞ்சள் மாலை மாதிரி. இன்றைக்கு முடிந்துவிடும் என்று ஊரில் பாதிப் பேர் இறங்கிவந்திருந்தார்கள். பீட்டர் கெட்டிலும் தம்ளருமாகக் கீழேயே கடை போட்டிருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே, இதுவரை இருட்டில் மட்டும் கேட்ட அந்த டிக் டிக் கேட்கத் தொடங்கியது. ஊசி கண்ணில் படவில்லை, கையும் படவில்லை, வரி மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி சுற்றிச் சுற்றி ஏறியது. கூட்டம் கைதட்டியது. மேலே, ஃபாக்டரி வளைவில், வேனின் ஹாரன்.

மருதி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினாள். ஊரை விட்டு ஓடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் நின்றாள். கம்பத்தில் சாய்ந்திருந்த வாத நோய்க்காரரை, "கொஞ்சம் நகருங்க தாத்தா" என்றாள். அறுத்தாலும் வராத கம்பளி, இழுத்தாலும் வராது என்று அவளுக்குத் தெரியும். இடது ஓரத்தில் கீழேயிருந்து தடவிக்கொண்டே போய், அக்கா மறந்த முதல் கண்ணியில் விரலை விட்டு எடுத்து மாட்டினாள். அப்புறம் அடுத்தது. ஹாஸ்டல் பெஞ்சில் செய்தது போலவே, சிஸ்டர் பார்ப்பதற்கு முன்னால், மூச்சு வாங்க, ஒன்றன் மேல் ஒன்றாக, எட்டாத இடத்துக்குப் பஸ் ஸ்டாப் திண்டின் மேல் ஏறி நின்று, கடைசிக் கண்ணி வரைக்கும். மாட்டி முடித்ததும் கம்பளி, தூக்கக் கலக்கத்தில் கையைத் தூக்கிக் கொடுக்கிற பிள்ளை மாதிரி, தானாகக் கழன்று அவள் தோளில் வந்து விழுந்தது. ஒரு வளர்ந்த பெண்ணின் கனம். முழங்கால் மடங்கிவிட்டது.

"வா அக்கா" என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

பின்னால் கம்பம் துருப்பிடித்து, ஒல்லியாக, வெறும் இரும்பாக நின்றது.

"ஏய் புள்ள! எங்க எடுத்துட்டுப் போற? பஞ்சாயத்துப் பொருளு அது!"

"நாளைக்கு ரெண்டு பஸ்ஸு டூரிஸ்ட்டு வருது அம்மணி, ஒரு நாளு பொறுத்து எடுத்துக்கக் கூடாதா?"

"குளிருமே" என்றார் வாத நோய்க்காரர், திட்டாமல், உண்மையாகவே திகைத்து. "எங்களுக்குக் குளிருமே அம்மணி."

முதுகில் பிள்ளையும் தோளில் அக்காவுமாக அவள் இறங்கினாள். தபால்பெட்டிக் கம்பத்தில் நின்று, "காளியக்கா, துளசி நடுவுல ரெண்டு கண்ணியச் சேத்துப் போட்ருவா, அதப் பிரிச்சுவிட்டாப் போதும், வந்துருவா" என்றாள். காளியக்கா கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணத் தொடாத. அவ நடந்து வருவா. போ. நீ போ." மருதி போனாள். வேன் அவளுக்குப் பின்னாலேயே, விளக்கைப் போட்டுக்கொண்டு, முந்தாமல், ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. கூட்டம் அதற்கு ஒதுங்கி வழிவிட்டது. புஷ்பாக்கா ஜன்னல் வழியாகத் தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் போய்ப் பாயை விரித்து, அக்காவைப் படுக்கவைத்து, அவள் பக்கத்தில் சிட்டுவைப் போட்டாள். ஜில்லிட்டுக் கிடந்த பிள்ளை அந்தச் சூட்டுக்குள் முகத்தைப் புதைத்து, வெறுங்கை ஒன்றை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடியது. அப்போதுதான் மருதிக்கு அழுகை வந்தது. வருவாள் என்று மூன்று மழை காத்திருக்க வைத்தவள் வந்துவிட்டாள். இனி ராத்திரியில் தவழ்ந்து வருவதற்கு யாரும் இல்லை. அம்மா இருந்திருந்தால் இப்போது மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். மருதி சத்தம் வராமல் வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வேன் நின்றது. டிக் டிக் நிற்கவில்லை, இன்னும் வேகமாக, கழுத்துக்குக் கிட்டத்தில்.

தாழ்ப்பாள் துருவேறி, கதவோடு கதவாக ஒட்டிப்போயிருந்தது. விரல் நகம் பிய்ந்தது, அசையவில்லை. விளக்கிலிருந்த எண்ணெயை அதன் மேல் கவிழ்த்தாள். வாசலில் மெட்டிச் சத்தம்.

"மருதி... கண்ணு... தூங்கிட்டியா?"

அவள் அம்மிக்குழவியைத் தூக்கினாள். கதவு ஒரு விரல்கடை உள்ளே வந்தது, அந்த இடுக்கில் பீடி வாடையோடு ஓர் ஆணின் மூச்சு வந்தது. மருதி முதுகைக் கொடுத்துக் கதவைத் திருப்பித் தள்ளி, அப்படியே சரிந்து திரும்பி, குழவியால் ஓர் இடி, இன்னோர் இடி. துரு உதிர்ந்தது. இரும்பு அலறிக்கொண்டு நகர்ந்து, மூன்று வருஷமாக ஒன்றும் நுழையாத அந்தத் துளைக்குள் ஒரு நெல்லளவு, ஒரு விரலளவு, பிறகு முழுசாகப் போய், உள்பக்கமாகத் தாழ் விழுந்தது.